பழைய பெடலில் கைவைக்கலாமா?

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என் சித்தப்பா எண்பதுகளில் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண விருந்துகளிலும் கிட்டார் வாசித்தவர். அப்போது அவர் வாங்கிய, கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே வைத்து ஒலிக்கு முறுக்கேற்றும் ஐபனெஸ் டிஎஸ்9 டியூப் ஸ்கிரீமர் பெடலை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார். குமிழைத் திருகினால் கரகரக்கிறது. அடிநாதமும் போதவில்லை. இதற்கு முந்தைய மாடலான டிஎஸ்808 போல மாற்றி, பெடல் அணைந்திருக்கும்போது ஒலி கடந்து செல்லும் பைபாஸ் வழியையும் மாற்றிவிடலாம் என்கிறார் ஈப்போவில் பழுதுபார்ப்பவர் ஒருவர். சித்தப்பாவோ "உன் இஷ்டம்" என்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

பழுதைப் பாருங்கள், மாற்ற வேண்டாம். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். உங்களிடம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் சேர்ந்த அழுக்கும், நம் ஊர் ஈரக்காற்றும்தான். கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி, குமிழைப் பலமுறை இரு பக்கமும் திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உள்ளே உலர்ந்து போகும் பாகங்கள் என்பதால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றைச் சோதித்து, கெட்டவற்றை மட்டும் அதே மதிப்பில் மாற்றுவது நியாயமானது. அதனால் பெடலின் குணம் மாறாது.

இனி 808 விஷயம். டிஎஸ்808, டிஎஸ்9 இரண்டுக்கும் மையச் சுற்று ஒன்றே. மேக்சன் நிறுவனத்தின் சுசுமு தமுரா வடிவமைத்த அந்தச் சுற்றில், பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சிலிக்கான் டையோடுகள் ஒலியின் உச்சிகளை மழுக்குகின்றன. இரண்டுக்கும் இடையே அதிகம் பேசப்படும் வேறுபாடு வெளியீட்டில் உள்ள இரு ரெசிஸ்டர்கள்: 808-இல் 100 ஓம், 10 கிலோஓம், டிஎஸ்9-இல் 470 ஓம், 100 கிலோஓம். பத்து லட்சம் ஓம் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயரில் நேரே இணைத்தால் இந்த வேறுபாட்டைக் காது பிரித்தறிவது அரிது. உள்ளே பெருக்கும் வேலையைச் செய்யும் ஜேஆர்சி4558டி சிப்புக்கு இருக்கும் புகழும் அதன் உண்மையான பங்கைவிடப் பெரியது என்பதே என் எண்ணம். இவ்வளவு சிறிய ஆதாயத்துக்காகப் பழைய போர்டில் பற்றவைப்புக் கோலை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூடு சற்றுக் கூடினாலும் செப்புத்தடம் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். பிறகு பழைய ரெசிஸ்டரைத் திரும்ப வைத்தாலும் பழைய பெடல் திரும்பாது. 808 ஒலிதான் வேண்டும் என்றால் ஐபனெஸ் நிறுவனமே 2004 முதல் அதை மறுபதிப்பாக விற்கிறது.

அடிநாதக் குறை இதைவிட முக்கியமானது. அது கோளாறு அல்ல. உள்ளே 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுரங்களுக்குப் பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. தாழ்ந்த தந்திகள் குழம்பாமல் இருப்பதும், நடு அலைவரிசை முன்னே வருவதும் இதனால்தான். அறையில் தனியாக வாசிக்கும்போது ஒலி மெலிந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் மேடையில் பேஸ் கிட்டாரும் தபேலாவும் டிரம்ஸும் அடிப்பகுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்போது, உங்கள் சித்தப்பாவின் கிட்டார் கூட்டத்தின் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டதற்கு இந்த மெலிவே துணை நின்றிருக்கும். அந்தக் கெப்பாசிட்டரை 0.1 ஆக்கினால் எல்லை ஏறக்குறைய 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். தனியாக வாசிக்க இதமாக இருக்கும், குழுவோடு சேர்ந்தால் கலங்கும். முடிவெடுக்கும் முன் முறுக்கைக் கட்டுப்படுத்தும் டிரைவ் குமிழை நன்றாகக் குறைத்து, வெளியீட்டு அளவைக் காட்டும் லெவலைக் கூட்டி, ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரில் உங்கள் குழுவோடு வாசித்துப் பாருங்கள். அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் போன்றவர்கள் டியூப் ஸ்கிரீமரை விரும்பியது ஆம்ப்ளிஃபயரை உந்தும் அதன் இந்தக் குணத்துக்காகத்தான்.

பைபாஸையும் விட்டுவிடுங்கள். பெடல் அணைந்திருக்கும்போதும் அதிலுள்ள பஃபர், அதாவது ஒலிச் சமிக்ஞையை வலுவிழக்காமல் கடத்தும் சிறு சுற்று, வேலை செய்கிறது. நீளமான கேபிள்கள் கிட்டாரின் உச்ச ஒலிகளை மங்கச் செய்வதை அது தடுக்கும். திறந்தவெளி மேடையில் வாசிப்பவருக்கு அது இடைஞ்சல் அல்ல, உதவி.

மாற்றிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருப்பது எனக்கு மகிழ்ச்சியே. அதற்கு இதே சுற்றைப் புதிய பலகையில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு சிப், இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு டையோடு, கொஞ்சம் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் இருந்தால் ஒலி தரும் பகுதி முடிந்துவிடும். அதில் டையோடுகளை மாற்றலாம், 0.1 கெப்பாசிட்டரைப் போடலாம், பிடிக்காவிட்டால் கழற்றலாம். பக்கத்தில் மூலப் பெடல் அப்படியே இருந்தால்தான் நீங்கள் செய்த மாற்றத்தை எதோடு ஒப்பிட்டுக் கேட்பது என்பது தெரியும்.

ஈப்போவில் கொடுக்கும்போது, சுத்தம் செய்வதும் கெட்ட கெப்பாசிட்டர்களை மாற்றுவதும் மட்டுமே வேலை, பெட்டியில் துளை போடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா பழைய அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதன் முதுகில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். ஜப்பானுக்கான 100 வோல்ட் அடாப்டரை நம் ஊர்ச் சுவரில் செருகினால் அது கருகிவிடும்.

அன்புடன்.