மழையில் நனைந்த தோல் கியூ பெட்டிக்கு

வணக்கம். சுன்னாகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது உங்கள் ஸ்னூக்கர் கியூவின் (பந்தை அடிக்கும் மரக்கோலின்) தோல் பெட்டி நனைந்து, ஒரு பக்கம் கறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டியை விடுங்கள், முதலில் கியூவை வெளியே எடுங்கள். ஈரமான உள்துணியோடு அடைந்து கிடந்தால் மரம் வளைந்துவிடும்; பிறகு அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

பெட்டியைத் தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள், ஹெயார் ட்ரையரும் பிடிக்காதீர்கள். சூட்டில் தோல் விறைத்து வெடிக்கும். பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மூடியைத் திறந்தபடி நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்து, அது ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்தபின் தோல் கண்டிஷனரை மெல்லியதாகப் பூசுங்கள். அதற்கு முன் ஓரிடத்தில் பூசிப் பார்ப்பது நல்லது, நிறம் சற்று மாறலாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் பூசவே வேண்டாம்! தோல் கறுக்கும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூச்சு மட்டும் போதாது. தண்ணீர் பெரும்பாலும் தையல் வழியாகவும் சிப் (zip) வழியாகவுமே உள்ளே போகிறது. தையற்காரரிடம் பெட்டியைவிடச் சற்று நீளமாக ஒரு றெக்சின் உறை தைக்கக் கொடுங்கள். வாய்ப்பக்கம் மடித்துக் கட்டும்படி இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் உறையைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பூட்டு, பிணைச்சல்களையும் துடைக்க மறக்காதீர்கள்.

உங்களுடையது மெதுமெதுப்பான சுவேட் தோல் என்றால் கண்டிஷனர் பூசாதீர்கள்; காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தேய்த்தால் போதும். எந்தத் தோல் என்று எழுதுங்கள்.