1918இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூவுக்கு ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ என்று ஸ்பெயின் பெயர் ஏன்? இளைஞர்கள் ஏன் அதிகம் செத்தார்கள்?

பெயர் விஷயம் சுலபம். முதல் உலகப் போரில் சண்டை போட்ட நாடுகள் நோய்ச் செய்தியைத் தணிக்கை செய்தன. ஸ்பெயின் நடுநிலை நாடு. அங்கே மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவே படுத்துவிட, பத்திரிகைகள் தாராளமாக எழுதின. உண்மையைச் சொன்னவன் தலையில் பழி!

இளைஞர்கள் விஷயத்தில் இன்னும் முழு விடை இல்லை. வழக்கமாக ஃப்ளூ குழந்தைகளையும் முதியவர்களையும்தான் கொல்லும். 1918இல் பரவிய எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸ் 20 முதல் 40 வயதுக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போனது. முதியவர்களுக்குச் சிறுவயதில் இதேபோன்ற வைரஸ் வந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. திடகாத்திரமான உடலின் எதிர்ப்பு எல்லை மீறி நுரையீரலையே கெடுத்தது என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அப்புறம், பெரும்பாலோரை முடித்தது வைரஸ் மட்டுமல்ல. அது புண்ணாக்கிய மூச்சுக்குழாயில் பாக்டீரியா புகுந்து வந்த நிமோனியா. பென்சிலின் கண்டுபிடிக்கவே இன்னும் பத்து வருஷம் இருந்தது.

சரி, எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கியதா? இல்லை. 1918 ஜூனில் பம்பாய் துறைமுகத்தில் காவல் பார்த்த போலீஸ்காரர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். செப்டம்பரில் இரண்டாம் அலை. அந்த வருஷம் மழையும் பொய்த்து, தானிய விலை ஏறியிருந்தது. அந்த நகரத்தில் ஆயிரம் ஐரோப்பியர்களில் சுமார் 8 பேர் இறந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரில் ஆயிரத்துக்கு சுமார் 61. வைரஸ் ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குக் காற்றோட்டமான பங்களா, இன்னொருவருக்கு ஒரே அறையில் பத்துப் பேர்.