சினைக்குதிரையை இன்னொரு பந்தயம் ஓடவிடலாமா?

வணக்கம். செப்டம்பரில் இணைசேர்ந்த உங்கள் பெண்குதிரை இப்போது 70 நாள் சினை என்றும், இன்னொரு பந்தயம் ஓடட்டும் என்று மெல்போர்ன் பயிற்சியாளர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

விதி இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் 120 நாள் சினை வரை ஓடலாம். அதைத் தாண்டினால் தடை. சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம், குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி மூன்று நான்கு மாதங்களில்தான் ஏறும். ஆகவே வயிற்றுச் சுமை இப்போது அதற்கு ஒரு தடையே இல்லை.

என் பயமெல்லாம் வெயில்தான். கடும் ஓட்டத்தில் குதிரையின் உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிடும். நான் பராமரித்த சினைக்குதிரை ஒன்று, கொளுத்தும் நாளில் ஓடித் திரும்பி, கழுத்தெல்லாம் வெள்ளை நுரை வழிய, வாளியில் இருந்த ஓட்ஸை முகர்ந்துகூடப் பார்க்காமல் நின்றது. அந்த இரவு நான் லாயத்தை விட்டு நகரவில்லை.

முதலில் ஸ்கேன் எடுத்துக் குட்டியின் இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இரட்டைக்கரு இல்லை என்பது 15ஆம் நாள் வாக்கில் எடுத்த ஸ்கேனிலேயே உறுதியானதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் சரியென்றால் ஓடட்டும். பந்தயத்தன்று வெயில் கடுமையானால் மட்டும், பயிற்சியாளர் என்ன சொன்னாலும் பெயரை விலக்கிவிடுங்கள்.