டீச்சரைக் கேளுங்கள்: மால்டாவில் ஏழு நாள்

கேள்வி: வணக்கம் டீச்சர். என் வீட்டுக்காரர் ஹார்பரில் 32 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகன் எங்கள் இரண்டு பேரையும் மால்டா தீவுக்கு ஒரு வாரம், கைடோடு டூர் அனுப்புகிறேன் என்கிறான். மேப்பில் பார்த்தால் கடுகளவு இருக்கிறது. அங்கே ஏழு நாள் என்ன பார்ப்பது? இவருக்கு முழங்கால் வலி வேறு. போகலாமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். கடுகளவு என்பது சரிதான். இத்தாலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா, கோசோ, கொமினோ தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி 426. ஆனால் அந்தக் கடுகுக்குள் 5,000 வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் கட்டியும் இடித்தும் வந்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் முன்னால் ஏப்ரலில் நானும் என் தங்கையும் இதே மாதிரி ஏழு நாள் டூரில் போனோம். திரும்பி வர ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறும்போது, இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் தேவலை என்றுதான் இருந்தது.

நான் ராயபுரத்துக்காரி. ராயப்பர் என்றால் பேதுரு, அவர் பெயரில்தான் எங்கள் பேட்டையே இருக்கிறது. மால்டாவோ சின்னப்பரின், அதாவது பவுலின் தீவு. கைதியாக ரோமுக்குப் போன சின்னப்பரின் கப்பல் கி.பி. 60 வாக்கில் உடைந்து கரை சேர்ந்தது இங்கேதான் என்று நம்புகிறார்கள். பைபிளில் மெலித்தா என்று வருவது இந்தத் தீவு. ஜூன் 29 இருவருக்கும் பொதுவான திருநாள். அன்று அங்கே அரசு விடுமுறை, முயல் கறி சமைத்து ஊரே கொண்டாடும். சின்ன வயதிலிருந்து மாதா கோயிலில் கேட்ட பெயரை, அவர் கரையேறியதாகச் சொல்லும் ஊரில் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரருக்காக ஒன்று சொல்கிறேன். தலைநகர் வாலெட்டாவில் மேல் பராக்கா தோட்டம் என்று ஒன்று, கோட்டை மதில் உச்சியில் இருக்கிறது. கீழே முழுக்க துறைமுகம். அங்கே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் கடைத்தெருவுக்குப் போகலாம், அவர் தேடவே மாட்டார். எதிர்க்கரையில் பழைய கோட்டைகள், கப்பல் பழுது பார்க்கும் இடம், நடுவே ஓடும் சின்னப் படகுகள். பகல் 12 மணிக்கு மதில் கீழே வரிசையாக நிற்கும் பீரங்கிகளில் ஒன்றை வெடிப்பார்கள், அதற்குப் பத்து நிமிஷம் முன்பே இடம் பிடியுங்கள்.

இந்தத் துறைமுகத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது தீவு பிரிட்டிஷார் கையில் இருந்தது. 1942-ல் ஜெர்மனியும் இத்தாலியும் குண்டு போட்டுத் தீவையே பட்டினியில் தள்ளிவிட்டன. அந்த ஆகஸ்டில் உணவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு 14 சரக்குக் கப்பல்கள் கிளம்பின. வந்து சேர்ந்தவை 5. கடைசியாக வந்தது ஓஹையோ என்ற எண்ணெய்க் கப்பல். அடிபட்டு, முங்கப்போகும் நிலையில், இரண்டு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டித் தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஆகஸ்ட் 15 காலை, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். கரை முழுக்க ஜனங்கள். எங்கள் கைடு அம்மா அந்த மதில் மேல் நின்று இதைச் சொன்னபோது, ஹெட்போனை மாட்டியிருந்த 28 பேரில் ஒருவர்கூடப் பேசவில்லை.

மோஸ்டா ஊர் மாதா கோயிலையும் விட்டுவிடாதீர்கள். 1942 ஏப்ரல் 9 மாலை, உள்ளே 200 பேருக்கு மேல் பூசைக்குக் காத்திருந்தபோது, குண்டு ஒன்று குவிமாடக் கூரையைத் துளைத்துத் தரையில் விழுந்தது. வெடிக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ஏப்ரல் 9 அன்றுதான் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அடுத்தது மெட்ராஸ் என்று பயந்து நம் ஊரே காலியானது. என் பாட்டி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கு மாட்டு வண்டியில் போனவர். அந்தக் கைக்குழந்தைதான் என் அம்மா.

முழங்கால் விஷயம்: வாலெட்டாவின் பல தெருக்கள் படிக்கட்டுகளே. துறைமுகத்திலிருந்து மேல் பராக்காவுக்கு 58 மீட்டர் லிஃப்ட் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். ரிபப்ளிக் தெரு சமமாக இருக்கும். கைடு படியில் இறங்கச் சொன்னால், "எங்கே வந்து சேரட்டும்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் சமதெருவிலேயே போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கைடு டூர் என்றால் எல்லாம் அவர்களே காட்டிவிடுவார்கள்தானே டீச்சர்? நாமாக ஏதாவது புக் பண்ண வேண்டுமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: ஒன்றை மட்டும் கட்டாயம் நீங்களே புக் பண்ணுங்கள். பாவ்லா ஊரில், சாதாரண வீடுகள் நிற்கும் தெருவுக்கு அடியில், பாறையைக் குடைந்த மூன்று அடுக்கு இடுகாட்டுக் கோயில் இருக்கிறது. ஹைபோஜியம் என்பார்கள். 1902-ல் வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டும்போது கண்ணில் பட்டது. மூச்சுக்காற்றின் ஈரம் சுவரைக் கெடுக்கும் என்று ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள், அதுவும் ஒரு தடவைக்குப் பத்துப் பேர்.

நாங்கள் பணம் கட்டிய டூர் கம்பெனியின் நோட்டீஸில் இது படத்தோடு இருந்தது. அங்கே போய் இறங்கிய பிறகுதான் "டிக்கெட் கிடைத்தால்" என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். டிக்கெட் பல வாரம் முன்பே தீர்ந்திருந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். முப்பது வருஷம் வகுப்பில் சரித்திரம் எடுத்தவள் நான். அந்தக் கதவு இன்றைக்கும் மனசை அறுக்கிறது. ஆகையால் தேதி முடிவானதும், விமான டிக்கெட்டுக்கு அடுத்த வேலையாக இதை ஆன்லைனில் வாங்குங்கள். பணம் கட்டும் முன் எந்தெந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே போக முடியாவிட்டாலும் அங்கே கிடைத்த "தூங்கும் பெண்" சிலையை வாலெட்டா தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நீளம் 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். கட்டிலில் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கண்ணயரும் நம் பெரியம்மா மாதிரியே இருந்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன், தங்கைதான் வந்து இழுத்துப் போனாள்.

வாலெட்டாவின் யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-ல் வரைந்த பெரிய ஓவியம், ஸ்நாபக அருளப்பரின், அதாவது அதே யோவானின், தலை வெட்டப்படும் காட்சி. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அது. கூட்டத்தோடு கடந்து போய்விடாதீர்கள், கீழ் ஓரத்தில் தேடுங்கள்.

கோசோவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். படகில் 25 நிமிஷம். அங்கே உள்ள ஜிகாந்தியா கற்கோயில்கள் எகிப்துப் பிரமிடுகளைவிட சுமார் ஆயிரம் வருஷம் பழையவை. பழைய போட்டோக்களில் வரும் கடல் வளைவுப் பாறையைக் காட்டு என்று கைடிடம் கேட்காதீர்கள், அது 2017 மார்ச்சில் புயலில் விழுந்துவிட்டது.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? தண்ணீர் எப்படி?
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பஸ்தித்சி என்று ஒரு பலகாரம், பட்டாணி அல்லது பாலாடைக் கட்டி வைத்து அடுக்கடுக்காகச் சுட்டது. சூடாக வாங்கினால் இரண்டு போதும், வயிறு நிறையும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். தீவில் ஆறே கிடையாது. நம் காட்டுப்பள்ளி ஆலை மாதிரி பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள். கொஞ்சம் உப்புக் கரிக்கும், நாங்கள் பாட்டில் வாங்கினோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படகு வேலை. மால்டா படகுகளுக்குக் கண் இருக்குமாமே, நிஜமா டீச்சர்?
வாசகர், காசிமேடு

பதில்: நிஜம்தான் தம்பி. மார்சாஷ்லொக் என்ற மீனவ ஊரில் பார்த்தேன். படகுக்கு லுட்சு என்று பெயர். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை பட்டை பட்டையாக அடித்து, முன்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொரு கண். பழங்காலக் கடல் வணிகர்களான பீனீசியர் காலத்து வழக்கம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை நடக்கும், கூட்டம் அதிகம். எங்களுக்கு ஓய்வு நாளாக விட்ட செவ்வாய்க்கிழமை, டவுன் பஸ் பிடித்து நானும் தங்கையும் தனியாகப் போனோம். கரையில் ஏற்றிவைத்த ஒரு படகுக்குப் பெரியவர் ஒருவர் கண்ணுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை காயும் வரை பக்கத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்தார். பிறகு மெல்லிய தூரிகையால் கறுப்பு விழியை வைத்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே சுற்றில். நான் இந்தியா, மெட்ராஸ், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து வீடு என்று சொன்னேன். தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டு, எங்கள் ஊரில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாவற்றையும் கையால் அளவு காட்டிச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.