பிரஸ்ஸில் மாட்டிய மோல்டை டிரை ஐஸ் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: மாதவரத்தில் சிறிய ரப்பர் மோல்டிங் பட்டறை நடத்துகிறோம். நான்கு ஹைட்ராலிக் பிரஸ். ஓ-ரிங், புஷ் போன்ற ரப்பர் பாகங்கள் ஓட்டுகிறோம். மோல்டை, அதாவது அச்சைக் கழற்றி காஸ்டிக்கில் ஊறவைத்து வயர் பிரஷ் போடுவதற்குள் ஒரு ஷிப்ட் போய்விடுகிறது. மோல்டின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனும் தேய்ந்து, ஓரத்தில் பிதுங்கும் ரப்பர் (ஃபிளாஷ்) கூடிவிட்டது. கழற்றாமலே டிரை ஐஸ் அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? எங்களிடம் உள்ள 15 ஹெச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர் போதுமா?

பதில்: நம்பலாம். ஆனால் உங்கள் கம்ப்ரசர் போதாது.

டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. அரிசி மணி கனத்தில், 3 மி.மீ. துண்டுகளாக வரும். அதைக் கம்ப்ரசர் காற்றின் வேகத்தில் நாசில் வழியே மோல்டின்மேல் அடிப்பார்கள். மோல்டில் படிந்த கறை அந்தக் குளிரில் சட்டென்று இறுகி வெடிக்கும். மோதிய ஐஸ் திரவமாகாமல் நேரே வாயுவாகிப் பல நூறு மடங்கு விரியும்போது, விரிசலுக்குள் புகுந்து கறையைப் பெயர்த்துவிடும். மணல் அடிப்பதுபோல் இரும்பை அரிக்காது. ஐஸ் அவ்வளவு மென்மை. உங்கள் பார்ட்டிங் லைன் இனிமேல் தேயாது என்பதுதான் உண்மையான லாபம். ஏற்கெனவே தேய்ந்ததை இது சரிசெய்யாது.

மோல்டை ஆறவிட வேண்டாம். ஓட்டும் சூட்டிலேயே, 150 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே அடியுங்கள். சூட்டில் கறை விடுவது எளிது. மோல்டில் நீர் கோத்துத் துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை.

இனி காற்று. ஒரு ஹெச்.பி.க்கு ஏறத்தாழ 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று வைத்தால் உங்களிடம் இருப்பது 60 சிஎஃப்எம். இந்த வேலைக்கு 6 பார் அழுத்தத்தில் 100 முதல் 120 சிஎஃப்எம் தடையின்றி வேண்டும். அதாவது 30 ஹெச்.பி. அளவு. வேலைக்கு வருகிறவரையே டீசல் கம்ப்ரசர் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடவே காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரும் ஈரத்தை எடுக்கும் டிரையரும் வருகிறதா என்று கேளுங்கள். கடல் காற்று வீசும் நம் பக்கத்தில், அதுவும் ஐப்பசி மழையில், டிரையர் இல்லாத காற்று ஹோஸுக்குள் நீரைத் தள்ளும். ஐஸ் கட்டிபிடித்து, நாசில் விட்டுவிட்டு இருமும். டீ குடிக்கப் போகும்போது மெஷினில் ஐஸ் கொட்டும் ஹாப்பரில் ஐஸை விட்டுப் போனாலும் இதே கதைதான்.

அடிக்கும் முறை: தடித்த ஃபிளாஷைப் பித்தளைச் சுரண்டியால் முதலில் எடுத்துவிடுங்கள். ஹீட்டர் ஒயர், சூடு அளக்கும் தெர்மோகப்பிளை மூடுங்கள். மோல்டும் நாசிலும் எர்த்திங்கில் இருக்கட்டும். நிலைமின்சாரம் நன்றாகவே அடிக்கும். 3 பாரில் ஓர் ஓரத்தில் தொடங்கி, கறை விடும்வரை மெல்ல ஏற்றுங்கள். அலுமினிய மோல்டென்றால் 4 பாரோடு நிறுத்துவது நல்லது. ஐஸ் நேர்க்கோட்டில்தான் போகும். மறுபக்கம் திறக்காத ஆழமான குருட்டுத் துளைக்குள் அடியில் இருப்பது வராது. அதற்குப் பழைய வழிதான்.

பலரும் கோட்டைவிடுவது வாயுவில். ஒரு மோல்டுக்குக் கால் மணி நேரம், நான்கு மோல்டுக்கும் சேர்த்து மொத்தம் 40 கிலோ ஐஸ் என்று வையுங்கள். ஒரு கிலோ அரை கன மீட்டருக்கு மேல் வாயு தரும்; 40 கிலோவுக்கு 22 கன மீட்டர். 10 மீட்டருக்கு 8 மீட்டர், 4 மீட்டர் உயரமுள்ள பட்டறையில் ஷட்டரை இறக்கிவிட்டு அடித்தால், வெளியே நிற்கும் கம்ப்ரசரின் காற்று கலந்தும் சுமார் 5 சதவீதம் ஏறிவிடும். 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. ஆக்சிஜன் மீட்டர் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் ஏற்காதீர்கள்: அந்த 5 சதவீதத்தில்கூட ஆக்சிஜன் 19.9 இருக்கும், 19.5-இல் அலறும் மீட்டர் சும்மா இருக்கும். கரியமில வாயுவை அளக்கும் மீட்டர்தான் வேண்டும். 8 மணி நேர வேலைக்கு வரம்பு 5,000 பிபிஎம், அதாவது 0.5 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை வெறும் நீராவி உறைந்தது, வாயு தெரியாது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தங்கும். ஆகவே ஷட்டரை முழுதாகத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரை மட்டத்தில் வையுங்கள். குழியில் பிரஸ் இருந்தால் குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. தலை வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வெளியே.

காதுக்கு மஃப், முகத்துக்கு ஷீல்டு, குளிர் தாங்கும் கையுறை கட்டாயம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பக்கத்துப் பட்டறைக்கும் சொல்லிவிடுங்கள்.

ஐஸை அன்றைக்கே வாங்குங்கள். 40 கிலோ வேலைக்கு 50 எடுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் பெட்டியிலேயே கரையும். தெர்மோகோல் பெட்டியை டேப் போட்டு அடைத்தால் வெடிக்கும். ஏசி காருக்குள் வேண்டாம், திறந்த வண்டியின் பின்பக்கம்தான். மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டினால் பீங்கான் விரிசல்விடும். மொட்டைமாடியில், யாரும் தொடாத இடத்தில் வைத்தால் தானாகப் போய்விடும்.