பிரிட்ஜ் சீட்டாட்டத்துல, நோ டிரம்ப்ல நாலாவது சீட்டு லீடும் சிக்னலும் டிக்ளேரருக்குத்தானே உதவுது? விட்டுடலாமா?

விடவே விடாதீங்க. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: நோ டிரம்ப்னா துருப்பு இல்லாத ஆட்டம், டிக்ளேரர்னா ஏலத்துல ஜெயிச்சு ஆடறவர், டம்மின்னா மேஜையில திறந்து வச்சிருக்கற அவர் பார்ட்னரோட கை, நாலாவது சீட்டு லீடுன்னா ஒரு ஜாதியில மேலேர்ந்து நாலாவது பெரிய சீட்டை முதல்ல இறக்கறது, சிக்னல்னா போடற சீட்டாலேயே பார்ட்னருக்குத் தகவல் சொல்றது. உங்க பார்ட்னர் கொஞ்சம் சீனியரா இருப்பார், "நீ சிக்னல் குடுத்தா டிக்ளேரரும்தான் பாக்கறான்"னு சொல்லியிருப்பார், அவர்கிட்ட எதிர்த்துப் பேச முடியாம இங்க வந்து கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். டிக்ளேரரும் பாக்கறார், வாஸ்தவம். ஆனா அவருக்கு டம்மியும் தன் கையுமா 26 சீட்டு கண்ணு முன்னாடி இருக்கு, நமக்குத்தான் பார்ட்னர் கையில என்னன்னு தெரியாது. வாய் திறக்கக் கூடாத ஆட்டத்துல நாம பேசறதே போடற சீட்டாலதான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். எதிராளிங்க ஏலம் 1 நோ டிரம்ப், 3 நோ டிரம்ப், எல்லாரும் பாஸ், அதாவது அவங்க 13 டிரிக்ல (சுத்துல) 9 ஜெயிக்கணும். பார்ட்னர் ஹார்ட் 6 லீட் பண்றார். டம்மியில குயின், 8, 2. என் கையில கிங், 10, 7. டம்மியில 2 போட்டாங்க. மூணாவது கை பெருசாப் போடணும்னு எல்லாருக்கும் சொல்லிக்குடுத்திருப்பாங்க, கிங்குக்குத்தான் கை போகும். நான் 11ல 6ஐக் கழிச்சேன், 5. நாலாவது பெரிய சீட்டு லீடுன்னா 6க்கு மேல உள்ளது மத்த மூணு கையிலயும் சேர்த்து அஞ்சுதான். டம்மியில ரெண்டு, என்கிட்ட மூணு, கணக்கு சரியாப் போச்சு, டிக்ளேரர்கிட்ட 6ஐத் தாண்டி ஒண்ணுமே இல்ல. 7 போட்டேன், ஜெயிச்சுது! அடுத்து கிங், அப்புறம் 10, அந்த 10 மேலயே பார்ட்னர் ஏஸைப் போட்டார், குயின் அதுல விழுந்துது, மிச்சம் ஜாக்கும் 9ம் அவர்கிட்ட. எங்களுக்கு அஞ்சு டிரிக், அவங்களுக்கு ஒண்ணு குறைஞ்சு டவுன். முதல்லயே கிங் போட்டிருந்தா டம்மியோட குயின் ஒரு டிரிக் எடுத்திருக்கும்.

சிக்னலும் அப்படித்தான். டம்மியில கிளப் கிங், குயின், ஜாக், 10, 5, வெளிய என்ட்ரி இல்ல (வேற ஜாதியில ஜெயிச்சு டம்மிக்குப் போக வழி இல்ல), ஏஸ் பார்ட்னர்கிட்ட மூணு சீட்டோட இருக்கு. எப்ப எடுக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் 8 போட்டு அப்புறம் 3 போட்டா என்கிட்ட ரெண்டு, அப்ப டிக்ளேரர்கிட்ட மூணு, அதனால மூணாவது சுத்து வரைக்கும் ஏஸைப் பிடிச்சு வைக்கணும், அப்பத்தான் டம்மிக்குப் போக டிக்ளேரர்கிட்ட கிளப் மிச்சம் இருக்காது. நான் சின்னதுலேர்ந்து மேல போனா என்கிட்ட மூணு, ரெண்டாவது சுத்துலயே எடுத்துடலாம்.

3-5 லீட் (மூணாவது இல்லன்னா அஞ்சாவது பெரிய சீட்டை இறக்கறது) ஆடறவங்க, தலைகீழ் சிக்னல் (பெருசு-சின்னதுக்கு அர்த்தத்தை மாத்தி வச்சுக்கறது) ஆடறவங்க சண்டைக்கு வராதீங்க, உங்க முறை தப்புன்னு நான் சொல்லல, 11 கணக்கு நாலாவது லீடுக்கு மட்டும்தான். பார்ட்னர் கையில பாயிண்ட்டே (பெரிய சீட்டே) இருக்க வழியில்லன்னா டிக்ளேரரை ஏமாத்த பொய் சீட்டு போடுங்க, அதுக்கும் ஆட்சேபணை இல்ல.

சொல்லாம இருக்க முடியல, இவ்வளவு மூளை வேலை இருக்கற ஆட்டத்தை இன்னும் சூதுன்னு சொல்றாங்களே அதுதான் வயித்தெரிச்சல். எங்க ஏரியாவுல ஒரு ஹால் கேட்டுப் போனா "சீட்டாட்டத்துக்குத் தர்றதில்ல"னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல 60 வயசு பிரணாப் பர்தனும் 56 வயசு ஷிப்நாத் சர்க்காரும் நம்ம நாட்டுக்குத் தங்கம் வாங்கினதே இந்த ஆட்டத்துலதான், காசு வச்சு ஆடி இல்ல.

சரி, உங்க விஷயம். அடுத்த தடவை ஆடறதுக்கு முன்னாடி பார்ட்னரோட உக்காந்து எந்த லீட், எந்த சிக்னல்னு பேசி முடிவு பண்ணிடுங்க. நோ டிரம்ப்ல ஏஸ் லீட் வந்தா அந்த ஜாதியில கையில இருக்கற பெரிய ஆனரை (கிங், குயின் மாதிரி சீட்டை) போடணும், அது இல்லன்னா கவுண்ட் (எத்தனை சீட்டு இருக்குங்கற சிக்னல்) குடுக்கணும்னு நிறைய பேர் ஆடறாங்க, அதையும் மறக்காமக் கேட்டு வச்சுக்குங்க.