நர்சிங் மாணவர்களின் பரிவுணர்வு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?

நோயாளியின் வேதனையை அவர் இடத்தில் நின்று புரிந்துகொண்டு, புரிந்ததை அவருக்கும் உணர்த்துவதுதான் பரிவுணர்வு. வார்டு அனுபவம் கூடக்கூட இது குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மனசு கல்லாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காரணம் தூக்கமின்மை, தேர்வு பயம், தப்பு செய்துவிடுவோமோ என்ற பதற்றம். கவனமெல்லாம் மருந்தின் அளவிலேயே இருந்தால், ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளி கண்ணில் படமாட்டார். புதிதாக வண்டி ஓட்டுபவர் கியரிலேயே கவனமாக இருந்து, சாலையோரம் நிற்பவரைப் பார்க்காமல் விடுவதைப் போல.

இதைவிடப் பெரிய காரணமாக நான் நினைப்பது மூத்த நர்ஸ்களின் நடத்தை. அவர்கள் "ஆறாம் பெட்" என்று கூப்பிட்டால் மாணவர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிப் பேசினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், பரிவு பிறவிக்குணம், சொல்லித்தர முடியாது என்று பலர் நினைப்பது தவறு. நோயாளியாக நடித்துப் பார்க்கும் பயிற்சிகளால் அது வளர்வதுண்டு.